முந்நூற்றுப் பன்னிரண்டு

விடிய நாலரைக்குச் சாணி அள்ளல்,
ஏழுக்கு முள்ளுக்கம்பி, பிறகு
புழு வைத்த காதுக்கு வேப்பெண்ணெய்.
என்ன வேலை என்று கேட்டால்
'பட்டியில நிக்கிறன்' என்பேன்.
நிற்பதுதான் இல்லை.

ஒலுமடுவில் சிக்னல்
இந்தப் பாலையடியில் மட்டும்.
ஞாயிறு பின்னேரம் ஸ்காபரோவிலிருந்து
முதலாளி மாடு எண்ணுவார்.
நான் போனைப் பிடிக்க
தர்மகுலன் ஒவ்வொன்றாய்க்
கடப்பால் விடுவான்.

'ஒண்டு குறையுது.'

செவ்வாயன்று
மண்டையோட்டுப் பலகையைத் தாண்டிப் போனவள்
சிவப்பி.
புல் அங்கேதான் இடுப்பளவு.
கூப்பிட்டுப் பார்த்தேன்,
தவிட்டு வாளியைத் தட்டிப் பார்த்தேன்.
கால் வைக்கவில்லை.
என் சம்பளத்தில் அது இல்லை.

போனைத் திருப்பினேன்.
'அங்க நிக்குது, ஐயா.'

பெரிதாக்கிப் பார்த்தார்.
வால் ஆடியது.
எண்ணிக்கொண்டார்.