ஏனையோர்

இரவுக் காவலில் நாங்கள் இரண்டு பேர்.
சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகள்.
எனக்கு ஒரு தொப்பி, ஒரு டோர்ச், ஒரு தடி.
கிருபைநாதனுக்கு விசிலும் உண்டு. சீனியர்.

பங்குனியில் ஃபோனில் வாசித்தேன்:
நானூறு வருஷத்துக்கு முந்தி
கப்பலில் போய் இறங்கிய ஆபிரிக்கன் ஒருவனை
ஜப்பான் பிரபு ஒருத்தன் தேய்த்துக் கழுவச் சொன்னானாம்,
மை பூசியிருக்கிறான் என்று நினைத்து.
நிறம் போகவில்லை. பிறகு
வீடு, படி, சின்ன வாள்.

"அப்ப சாமுராய்தானே" என்றேன்.
"வாள் தந்தாச் சாமுராயோ?
எனக்குந்தான் தடி தந்திருக்கு,
நான் என்ன பொலிஸோ?"

விடியும்வரை அதே சண்டை.
பரம்பரை வேணும் என்றான் அவன்.
சம்பளப் பட்டியலில் பேர் இருந்தால் போதும் என்றேன் நான்.
எங்கள் சம்பளம் இரண்டு மாதமாய் வரவில்லை;
அதை இருவரும் எடுக்கவில்லை.

நான் லொரென்சு மார்சலின், பாலையூற்று.
போர்த்துக்கீசன் ஏற்றி வந்தான், ஒல்லாந்தன் வேலை வாங்கினான்,
வெள்ளைக்காரன் துவக்குக் கொடுத்து
எங்கள் ஆட்களைக் கோட்டை வாசலில் நிறுத்தினான்.
இப்போது அந்த வாசலில் மான்கள் நிற்கின்றன.
விதானையார் படிவத்தில், இனம் என்ற கட்டத்தில்,
தலை நிமிராமல் எழுதுவார்: ஏனையோர்.

வருஷம் பிறக்க நாலைந்து நாள் இருக்க
ஒரு ஜப்பான்காரர் வந்தார்,
அவர்கள் விமானம் விழுந்து எரிந்த தாங்கியைப் பார்க்க.
உருகி மடிந்த இரும்பின் முன்னால்
வெகுநேரம் குனிந்து நின்றார்.
திரும்பும்போது கேட்டேன். கூட வந்த பெடியன் மொழிபெயர்த்தான்.
அவர் யோசித்தார். தண்ணீர் குடித்தார். மறுபடி யோசித்தார்.
"தெரியாதாம் அண்ணை.
அவையள் கருவாடு வித்த ஆக்களாம்."

கந்தளாய்ப் பக்கம் ஒரு கல்.
வேளைக்காரர் என்று வெட்டியிருக்கிறதாம்.
கடல் தாண்டி வந்து
அயல் அரசனுக்கு, வேளை வந்தால் சாவோம் என்று
சத்தியம் பண்ணினவர்கள்.
கூலிப்படை என்று நாம் சொல்லலாம்.

அந்த மனிதனுக்கு அதுவும் வாய்க்கவில்லை.
பிரபு செத்த அன்று வாளோடு போய் நின்றிருக்கிறான்.
பிடித்தவர்கள் வெட்டவில்லை.
இவன் எங்கட ஆளில்லை, விடு என்றார்களாம்.

தப்பினான், அதிர்ஷ்டக்காரன் என்கிறான் கிருபைநாதன்.
எனக்கு அந்த இடத்தில்தான்
தொண்டையில் முள் நிற்கிறது.

ஆறு மணி. விசில்.
தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டுகிறேன்.
கம்பனிச் சாமான்,
வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது.