மெய்ப்பு

வருகைப் பதிவேட்டில் என் பெயருக்கு நேரே
‘பாமரர்’ என்று போட்டிருக்கும்.
நெறிமுறைக் குழுவில் பாமரர் ஒருவர்
கட்டாயம் இருக்க வேண்டுமாம்.
மற்றவர்கள் டாக்டர்கள், ஒரு வழக்கறிஞர்,
தலைமைக்கு ஓய்வுபெற்ற நீதிபதி.
நான் முத்தியால்பேட்டை அச்சகம் ஒன்றில்
இருபத்திரண்டு வருடமாக மெய்ப்பு பார்ப்பவள்.

அன்றைக்கு மேசைமேல் நாற்பத்தொரு பக்கம்.
தலசீமியாப் பிள்ளைகளுக்கான ஆய்வு.
மஜ்ஜையிலிருந்து அணுக்களை எடுத்து
ஓரிடத்தில் வெட்டி
திரும்ப அதே உடம்புக்குள் விடுவது.
மரபணுத் திருத்தம் என்று எழுதியிருந்தார்கள்.
திருத்தம்.
என் தொழிலின் சொல்.
“ரொம்பத் துல்லியம்மா” என்றார் டாக்டர் லூர்துநாதன்.
“புத்தகத்துல ஒரு எழுத்தை மாத்துற மாதிரிதான்.”

அதனால்தான் பரிதியின் கதையைச் சொன்னேன்.

நாவலாசிரியர் ஒருவர் கடைசி நேரத்தில்
நாயகனுக்கு மணி என்ற பெயர் வேண்டாம், பரிதி என்றார்.
கணினியில் ஒரே தட்டு.
முந்நூறு பக்கமும் ஒரு நொடியில் மாறியது.
எண்ணூறு பிரதி கட்டி முடித்த பிறகு பார்த்தால்
காலை ஏழு பரிதிக்கு ரயில் வருகிறது,
அம்மா மகளை ‘என் கண்பரிதி’ என்கிறாள்,
கடலூர்ப் பக்கத்துக் களத்தில்
பரிதிலாக் கொட்டை காய்கிறது.

சிரித்தார்கள்.
நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.
“வேற இடத்துல வெட்டு விழுந்திருக்கான்னு
தேடிப் பார்த்துட்டோம்மா.”
“எங்கெல்லாம் தேடினீங்க?”
“விழ வாய்ப்புள்ள இடங்கள்ல.”
நானும் அங்கேதான் தேடியிருப்பேன்.
மணிலாக் கொட்டையை யார் நினைப்பார்கள்?

படிவம் புரிகிறதா என்று கேட்டுவர
போன வியாழன் வார்டுக்குப் போயிருந்தேன்.
அஞ்சலாட்சி ஈச்சங்காட்டிலிருந்து வருகிறாள்,
மூன்று வாரத்துக்கு ஒருமுறை, இரண்டு பஸ் மாறி,
மகனுக்கு ரத்தம் ஏற்ற.
‘பாதிப்பு மிகக் குறைவு’ என்ற வரியில் விரலை வைத்து
“இதை ஃபாக்டரிக்காரங்க
முன்னாடியே எங்களுக்குப் படிச்சுக் காமிச்சிட்டாங்க” என்றாள்.
அதே மூச்சில்
“எப்ப ஆரம்பிக்கிறீங்க?” என்றும் கேட்டாள்.

கவிநேசனுக்குப் பதிமூன்று வயது.
“எனக்குப் பொறக்கிற புள்ளைக்கும் இது போவுமா?”
திருத்தம் போகாது. பழைய பிழை போகலாம்.
ஒன்பதாம் பக்கத்தில் அது இருக்கிறது,
அவனுக்குப் புரியாத ஐந்து வரியாக.

குழுவில் நான் மரபணு பற்றிப் பேசவில்லை.
எனக்குத் தெரிந்ததை மட்டும் காட்டினேன்.
பக்கம் நான்கு: பதினைந்து ஆண்டுகள் கண்காணிப்போம்.
பக்கம் முப்பத்திரண்டு: நிதி மூன்று ஆண்டுகளுக்கு.
மிச்சம் பன்னிரண்டு வருடம்
யார் போய்க் கதவைத் தட்டுவது?
அதற்குள் அவன் திருப்பூரில் வேலையில் இருப்பான்,
செல் நம்பர் நாலு தரம் மாறியிருக்கும்.

டாக்டர் பேனாவின் மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
கெட்டவர் இல்லை.
போன வருடம் அவர் வார்டில் இரண்டு பிள்ளைகள்
இரும்பு ஏறிய இதயத்தோடு போனார்கள்.
எனக்கும் தெரியும்,
நான் காது மடக்கிய ஒவ்வொரு பக்கமும்
யாருக்கோ இன்னொரு பை ரத்தம்.

‘திருத்தி மீண்டும் சமர்ப்பிக்கவும்’
என்று எழுதிக் கையெழுத்திட்டார் நீதிபதி.

இரவு கட்டைத் திரும்பப் பிரித்தபோது
மாதிரிப் படிவத்தின் கடைசியில் பென்சில் எழுத்து.
அவன் எழுதிப் பார்த்திருக்கிறான்:
‘எனக்கு சம்மந்தம்.’
சம்மதம் என்று எழுத வந்தவன்.
சம்பந்தம் என்று கொண்டாலும் பிழைதான்.
சிவப்புப் பேனா
அந்த ‘ந்’ மேல் சற்று நேரம் நின்றது.

பிறகு அடியில் வரிசையாகப் புள்ளி வைத்தேன்.
எங்கள் வழக்கில் அதற்கு
இருக்கட்டும் என்று பொருள்.