மறுமதிப்பீடு

முதல் முறை ஐந்து என்று வந்தது.
அந்த மூலைகளுக்கு ஆறாவது தர வேண்டாமா?
டுலூத்தில், நிலவறை விளக்கடியில்,
ஆர்வில் ஹாக்கன்சன்
பிளாஸ்டிக் கூட்டை இடுக்கியால் நெரித்தார்,
மூச்சை அடக்கிக்கொண்டு.

வெளியே வந்தது பேஸ்பால் அட்டை.
ஐம்பத்து மூன்றில் அச்சானது,
சூயிங்கம் பொட்டலத்தோடு விற்றது.
மோந்து பார்த்தார்.
ஒன்றுமில்லை; நிலவறையின் ஈரம்தான்.
வெறும் கட்டைவிரலால்
ஒரே ஒரு தரம் தடவினார்.

பிறகு காப்பீடு, கட்டணம், தபால்,
பதினோரு வாரம்.

நான்கு.

காரணம் எழுதுவதில்லை அவர்கள்.
லென்ஸை வைத்து மடிப்பைத் தேடுகிறார்,
விளக்கைச் சாய்த்து, நிமிர்த்தி.
இடக்கைப் பந்துவீச்சாளன்
ஓங்கிய கையை இறக்காமல்
இவரையே பார்க்கிறான்.

"தூங்க வரலையா?" மேலிருந்து வெர்னா.

"இதோ" என்கிறார்.
இடுக்கி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.