பட்டியலில் மட்டும் ஓடும் பேருந்து

கலாமாவில் மழை பெய்வதில்லை.
பணிமனையின் தகரக் கூரையில்
எவனோ தவறி அடித்துப் பிடுங்கிய ஆணியின் ஓட்டையை
இருபது வருடமாய் யாரும் அடைக்காதது அதனால்தான்.

எட்டு மீட்டர் கீழே, எண்ணெய்க் கறைத் தரையில்
ஆரஞ்சுப் பழ அளவில் ஒரு வெளிச்சம்
காலையில் மேற்குச் சுவரோரம் புறப்பட்டு
டயர் அடுக்குகளைக் கடந்து
சாயங்காலம் கழிவறைப் பக்கம் போய்ச் செத்துப்போகும்.

நான் நேரக் குறிப்பாளர், எடுவினா சிஃபுயெந்தெஸ்.
வந்த நிமிடம், போன நிமிடம்,
ஓட்டுநர் சொன்ன காரணம்:
என் பேரேட்டில் மூன்றே கட்டங்கள்.

போன ஏப்ரல் பதினைந்தில் ஆரம்பித்தேன்.
தினமும் பன்னிரண்டு முப்பத்தாறுக்கு
வெளிச்சத்தின் நடுவே ஒரு மஞ்சள் பொட்டு;
வண்டிக் கோடு போட்டு மிஞ்சிய பெயின்ட்.

ஏன் பன்னிரண்டு இல்லை என்கிறீர்களா?
எங்கள் கடிகாரத்தின் நடுப்பகல் எங்களுடையதல்ல.
ஆண்டெஸுக்கு அப்பால், பராகுவேயின் முட்காட்டில்
கிடக்கும் ஒரு தீர்க்கரேகைக்குச் சொந்தம் அது.
அங்கே உச்சி தொட்ட சூரியன்
டிகிரிக்கு நான்கு நிமிடமாய் நடந்து
ஒன்பது டிகிரி தாண்டித்தான் இங்கே வர வேண்டும்.

அந்தக் கணக்குப்படி பொட்டுகள்
வடக்கு தெற்காய் ஒரே நூலில் விழுந்திருக்க வேண்டும்.
விழவில்லை.
ஜூனில் தெற்கே எட்டு மீட்டர் போய்த் திரும்பின,
நவம்பரில் கிழக்கே ஒரு முழத்துக்கு மேல் பிதுங்கின.
(ஜூலையில் ஒன்பது நாள் காணோம்:
எவாரிஸ்தோ கொல்கேயின் வண்டி
கியர் பெட்டி உடைந்து வெளிச்சத்தின் மேலேயே நின்றது.)
செப்டம்பரில் அரசாங்கம் முள்ளை ஒரு மணி தள்ளியது.
மேசை டிராயரில் ஒரு பழைய கைக்கடிகாரத்தை மட்டும்
நான் தள்ளாமல் வைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி பதினொன்று.
எவாரிஸ்தோ பதினான்கு நிமிடம் தாமதம்.
மேலாளர் பாமொந்தெஸ் அபராதச் சீட்டோடு வந்தார்.
அவரைத் தரைக்கு அழைத்துப் போனேன்.
பாருங்கள், நேர்கோட்டுக்கு மேற்கே நிற்கிறது வெளிச்சம்.
சூரியனும் இன்று பதினான்கு நிமிடம் தாமதம்.

"ஏன்?"

பூமி போகும் பாதை வட்டமில்லை, ஐயா.
ஜனவரியில் விரைகிறது, ஜூலையில் அசமந்தம்.
போதாததற்குச் சாய்ந்து வேறு சுற்றுகிறது.
ஒரு நடுப்பகலுக்கும் மறுநாள் நடுப்பகலுக்கும் இடையே
சில நாள் அரை நிமிடம் கூடும், சில நாள் கொஞ்சம் குறையும்.
நொடிகள்தான். ஆனால் கடன் போல் சேரும்.

இந்தச் சூரியனை வைத்துக் கடிகாரம் செய்ய முடியாது.
அதனால் இன்னொன்றைக் கற்பனை செய்துகொண்டார்கள்:
நடுக்கோட்டின் மேல் வருடம் முழுக்க
ஒரே வேகத்தில், சாயாமல், அவசரப்படாமல் போகும் சூரியன்.
சராசரிச் சூரியன். அதன் நேரம்தான் சுவரில் ஓடுகிறது.
நம் காலஅட்டவணையில் உள்ள பேருந்து மாதிரி.
அந்தப் பேருந்தில் ஒருவரும் ஏறியதில்லை.
ஆனால் எல்லோரும் அதற்காகத்தான் காத்திருக்கிறார்கள்.

பாமொந்தெஸ் வெகுநேரம் தரையைப் பார்த்தார்.
"நவம்பரில்?"
பதினாறு நிமிடம் முந்தி, ஐயா.
"முந்திப் போனாலும் அபராதம் உண்டு."

சீட்டில் கையெழுத்துப் போட்டார்.
எவாரிஸ்தோ கட்டினான், என்னைத் திட்டிக்கொண்டே.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு சூரியனும்
ஒரே இடத்தில் நின்றிருந்தன, அதைச் சொல்ல மறந்துவிட்டேன்.
அன்றைக்குப் பணிமனையில் வண்டியே இல்லை,
நானும் ஒரு நாயும்தான்.

இன்று மறுபடி ஏப்ரல் பதினைந்து.
முடிச்சிட்ட எட்டு ஒன்று தரையில் நீண்டு கிடக்கிறது.
முதல் பொட்டின் மேலேயே வெளிச்சம் விழும் என்று
பிரஷ்ஷோடு குனிந்திருந்தேன்.
ஒரு விரற்கடை தள்ளி விழுந்தது.

வருடத்துக்கு முந்நூற்று அறுபத்தைந்து நாள் போதாது,
கால் நாள் எப்போதும் பாக்கி.
பேரேட்டைத் திறந்து எழுதினேன்:
தாமதம், ஒரு விரற்கடை.
காரணம் என்ற கட்டத்தை நிரப்பவில்லை.