மடித்துப் பார்த்தல்

செவ்வாய்க் காலை வாய் கொப்பளித்தபோது
இடது ஓரத்தில் தண்ணீர் நிற்கவில்லை.
நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தாள் போடில்.
முகத்தின் ஒரு பாதி திடுக்கிட்டது,
மறு பாதிக்கு இன்னும் செய்தி போகவில்லை.

எஸ்பியெர்க் மருத்துவமனையில் சொன்னார்கள்:
பக்கவாதம் இல்லை, முகநரம்பு வீங்கியிருக்கிறது.
ஆறு வாரம். சிலருக்கு ஆறு மாதம்.
மூடாத கண்ணை இரவில் நாடா ஒட்டி மூடு.
கோபுரம் ஏறாதே.

பதினோரு வருடத்தில் முதல் முறையாக
அவள் கடலுக்குப் போகாத மார்ச்.
சமையலறை ஜன்னலில், சுண்டுவிரல் உயரத்தில்
அவளுடைய காற்றாலைகள்
அவள் இல்லாமலே சுற்றின.
நம் எழுத்தில் ப-வை நடுவே மடித்தால்
கால்மேல் கால் பொருந்திவிடும்.
அவள் உதட்டில் அந்த ஒலிதான் ஓட்டையானது.
தன் பெயரைச் சொன்னால்
முதலில் வெறும் காற்று வந்தது.

மகள் சிசெலுக்கு வீட்டுப்பாடம், சமச்சீர்க் கோடு.
சதுரத்துக்கு நான்கு. எளிது.
இணைகரத்தை வெட்டியெடுத்து
நீளவாட்டில் மடித்தாள், குறுக்கே மடித்தாள்,
மூலைக்கு மூலை மடித்தாள்.
ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு முனை
நாக்கை நீட்டிக்கொண்டு வெளியே நின்றது.

கடைசிக் கேள்விக்கு ஒரு முகம் வேண்டும்.
இழுப்பறையில் அம்மாவின் பழைய பாஸ்போர்ட் படம்,
எல்லாம் சரியாக இருந்த காலத்தது.
மூக்கின்மேல் சின்னக் கண்ணாடியை நிறுத்தினாள்.
இடப் பாதியும் அதன் பிம்பமும் சேர்ந்தால்
ஒடுங்கிய தாடையோடு யாரோ ஒரு கணக்கர்.
வலப் பாதியும் அதன் பிம்பமும் சேர்ந்தால்
எதையோ கேட்கப்போகும் அகல முகத்துக்காரி.
இரண்டு முறையும் கண்ணாடியைச் சட்டென எடுத்துவிட்டு
படத்தில் அம்மா இருக்கிறாளா என்று பார்த்துக்கொண்டாள்.
எத்தனை கோடுகள்?
பூஜ்யம், என்று எழுதினாள்.
எட்டிப் பார்த்த போடில்
இருக்கிற பாதியால் சிரித்தாள்.

மேசையைத் துடைக்கவேண்டியிருந்தது.
கசங்கிய இணைகரத்தை
வெட்டிய தாளின் ஓட்டையிலேயே திணித்தாள் சிசெல்,
அவசரத்தில் தலைகீழாக.
அது அப்படியே உட்கார்ந்தது.
இழுத்துப் பார்த்தாள், மறுபடி வைத்தாள்.
பெரிய விஷயமாக ஒன்றும் சொல்லவில்லை.
பூஜ்யத்துக்குப் பக்கத்தில்
பென்சிலால் வளைந்த அம்பு ஒன்று போட்டாள்.

ஏழாம் வாரம் இமை மூடியது, முக்கால்வாசி.
ஒன்பதாம் வாரம் படகு.
யெப்பே சுழலியைப் பூட்டினான்.
முறுக்கேறிய மூன்று இறக்கைகள்,
எந்தக் கோட்டில் மடித்தாலும் பொருந்தாதவை.
ஒன்றைக் கீழிறக்கித் துடைத்து, பூட்டவிழ்த்து,
மூன்றில் ஒரு சுற்று. மறுபடி பூட்டு.
கரையிலிருந்து பார்ப்பவர்க்கு
எதுவுமே நடக்கவில்லை.
இரண்டாம் இறக்கையில் மட்டும்
மின்னல் கடித்த இடம்,
போன வருடம் அவளே பிசின் பூசியது.
கையுறையைக் கழற்றித் தடவினாள்.
கொஞ்சம் மேடாக இருந்தது.

மேலே யார், என்று வானொலி கேட்டது.
போடில், என்றாள்.
ப காற்றோடுதான் வந்தது.
அங்கே எல்லாமே காற்றோடுதான் வரும்.