வெட்டாத புல்

ஆள்காட்டி கத்துகிறது.
நான் வந்துவிட்டேனென்று
ஃபிரீஸ்லாந்து முழுக்கச் சொல்கிறது.
சொல்லட்டும்.
ஏப்ரல் பிறந்தும் காற்று அறுக்கிறது.
தொலைநோக்கியைத் துடைத்துக் கண்ணில் வைத்தால்
சாணி மணக்கும் பச்சைக்குள்
கொண்டை மட்டும் ஆடுகிறது.

நான்கு முட்டை, கூர்முனைகள் உள்நோக்கி,
மண்ணின் நிறத்தில்.
மிதித்த பிறகுதான் தெரியும் என்பார் ஹில்கே,
ஒருமுறை மிதித்தவர்.

முதல் வருடம் கூட்டருகே குச்சி நட்டோம்.
காகம் குச்சியைப் படிக்கக் கற்றது.
மறுவருடம் பத்தடி தள்ளி நட்டோம்.
அதையும் கற்றது.
இப்போது குச்சியே இல்லை.
ஹில்கேயின் சமையலறைச் சுவரில்
பால் கணக்குக்குப் பக்கத்தில் வயலின் படம்,
அதில் நான் பென்சிலால் வைத்த பதினொரு புள்ளிகள்.

மே மாதம் டிராக்டர் இறங்குகிறது.
புள்ளி வரும்போதெல்லாம்
எதையோ திட்டிக்கொண்டே கத்தியைத் தூக்குகிறார்.
மழித்த முகமாய்க் கிடக்கிறது வயல்,
பதினொரு இடத்தில் மட்டும் தாடி.
சவரம் தெரியாதவன் என்று சிரிக்கிறான்
பக்கத்துப் பண்ணைக்காரன் யெல்மர்.
சிரித்துவிட்டு,
ஒரு புள்ளி எப்படி வைப்பது என்கிறான்.

முதல் உறைபனியோடு எல்லாம் கிளம்பிவிட்டன.
கால்வாயில் பிள்ளைகள் சறுக்குகிறார்கள்.
சைக்கிளை நிறுத்தி
வயல் கதவைத் திறக்கிறேன்,
வேண்டுமென்றே சத்தமாக.

யாரும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.