இன்னும் மீன் இல்லை

முதலில் தரை.
நாற்பது காலன் தண்ணீர் நூற்றைம்பது கிலோ,
கல்லும் கண்ணாடியும் தனி.
கார்ல் நிலவறைக்குள் இறங்கி
உத்தரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு ஏறி வந்தான்.
"தாங்கும்" என்றான்.
கையைத் துடைத்துக்கொண்டே
"எதுக்கு லோரீன்?" என்றான்.

கேர்னியிலிருந்து கடலுக்கு
எந்தப் பக்கம் ஓட்டினாலும் இரண்டு நாள்.
நான் ஓட்டியதில்லை.
வருடத்துக்குப் பத்தாயிரம் மைல்
மஞ்சள் பேருந்தில்
சோளக்காட்டைச் சுற்றிச் சுற்றியே தீர்த்திருக்கிறேன்.

குழாய்த் தண்ணீர் ஆகாதாம்.
வயலில் கொட்டிய உரமெல்லாம் அதில்தான் கரைந்திருக்கிறது.
நாங்கள் குடிக்கலாம், பவளம் குடிக்காது.
வடிகட்டி விடிய விடியச் சொட்டியது.
ஓர் இரவுக்கு ஒரு வாளி.
உப்பை அளந்து போட்டு
உடைந்த துடைப்பக் கட்டையால் கலக்கினேன்.
நக்கிப் பார்த்தேன்:
தொண்டை வலிக்குக் கொப்பளிக்கும் தண்ணீர்,
வேறொன்றுமில்லை.

உவர்மானியில் ஒரு சொட்டு விட்டு
சமையலறை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தேன்.
மேலே நீலம், கீழே வெள்ளை,
நடுவில் கத்தியால் கீறியதுபோல் ஒரு கோடு.
எண்ணைப் படிக்க மறந்து
கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
என் முதல் தொடுவானம்
கட்டைவிரல் அகலம்.

கல் ஃப்ளோரிடாவிலிருந்து விமானத்தில் வந்தது.
பெட்டியைத் திறந்ததும் வீடு முழுக்க வாடை.
சுற்றியிருந்த ஈரச் செய்தித்தாளில்
பாதி அழிந்த விளம்பரம் ஒன்று:
படகு விற்பனைக்கு, இன்ஜின் சரியில்லை.
கல்லை அடுக்கினேன், சரிந்தது.
அடுக்கினேன், சரிந்தது.
மூன்றாம் முறை நின்றது
எனக்குப் பிடிக்காத வடிவத்தில்.

பிறகு இறால்.
உறையவைத்த ஒன்றைப் பழைய காலுறைக்குள் கட்டி
தண்ணீரில் தொங்கவிட்டேன், அழுகட்டும் என்று.
காசு கொடுத்து வாங்கி
அழுகக் காத்திருந்தது இதுவே முதல் தடவை.
அழுகலைத் தின்னும் ஒன்று வருமாம்.
அதன் கழிவைத் தின்ன இன்னொன்று.
இரண்டும் கண்ணுக்குத் தெரியாது.
சோதனைக் குப்பியில் சொட்டு விட்டு, குலுக்கி,
தீவனக் கடை நாள்காட்டியில் எழுதினேன்:
பச்சை. கரும்பச்சை. பச்சை. ஊதா.
ஊதா.
ஊதா.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் பார்க்க வந்த கார்ல்
விளக்கு எரியும் வெறும் தண்ணீரைப் பார்த்தான்.
"கரண்ட் பில் யார் கட்டுறது?"
முதல் இருக்கைப் பையன் டோபியாஸ்
படியில் கால் வைக்கும்போதே கேட்பான்,
"மீன் வந்துடுச்சா?"
"இன்னும் இல்லை."
பெயர் தயாராக வைத்திருக்கிறான், டிராக்டர்.

ஐந்தாம் வாரம்
கண்ணாடி, மணல், கல் எல்லாம் பழுப்பு.
கோடை முடிவில் பிளாட் ஆறு இருக்குமே, அந்த நிறம்.
ஆற்றை விட்டுக் கடலுக்குப் போகப் பார்த்தேன்,
ஆறு வீட்டுக்குள் வந்துவிட்டது.
விற்றுவிடலாம் என்று
விலைகூட எழுதி வைத்தேன்.

அன்றிரவு பனி.
பள்ளி உண்டா இல்லையா என்று பார்க்க
மூன்றரைக்கு எழுந்தவள்
எதற்கென்று தெரியாமல்
கைவிளக்கோடு தொட்டியின் முன் உட்கார்ந்தேன்.

கல்லின் ஓட்டையிலிருந்து
நூல் ஒன்று நீண்டது.
நூல் வளைந்தது.
இன்னொன்று. இன்னும் ஒன்று.
தையல் ஊசி பருமனில் ஐந்து கைகள்,
நடுவில் சட்டைப் பொத்தான் அளவு உடம்பு.
மணலைத் துழாவித் துழாவி
அந்தப் பழுப்பைத் தின்றுகொண்டிருந்தது.

நான் வாங்காதது.
ரசீதில் இல்லாதது.
செய்தித்தாளின் ஈரத்தில் ஒளிந்து வந்து,
அந்த நாறிய வாரங்களையெல்லாம்
கல்லுக்குள் இருந்தே கடத்தியிருக்கிறது.
நான் குப்பி குலுக்கியதை,
கார்ல் பில்லைப் பற்றிப் பேசியதை,
விலை எழுதியதை எல்லாம்
இங்கிருந்தபடியே.

கை நடுங்கி வெளிச்சம் ஆடியது.
போய்விட்டது.

பள்ளி உண்டு.
டோபியாஸ் பூட்ஸிலிருந்து பனியை உதறினான்.
"மீன்?"
"இன்னும் இல்லை. ஆனா யாரோ இருக்காங்க."
"யாரு?"
"தெரியலை. அஞ்சு கை."
அவன் கையுறையை விரித்து
விரல்களை ஒவ்வொன்றாய் மடக்கிப் பார்த்தான்.
பின்னால் நின்ற லாரி ஹாரன் அடித்தது.
அடிக்கட்டும்,
அவன் இன்னும் உட்காரவில்லை.